ஜெர்மனியில் படிக்கிறேன், அப்பா போன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. டாக்டரிடம் போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

அருப்புக்கோட்டை பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், மூன்றாவது செமஸ்டர். அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டு எனக்குப் போன் பண்ணுவார். கோடையில் அது இங்கே மாலை ஆறு மணி. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஐந்து மணி. இந்த டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நாலரைக்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. போன் அடிக்கும்போது எடுக்க முடியவில்லை. "லேபில இருக்கேன்ப்பா" என்று மெசேஜ் மட்டும் போடுகிறேன். "சரிப்பா, சாப்பிட்டியா" என்று பதில் வரும். அதைப் படித்தால் இன்னும் மோசமாகிறது.

ஒரு பாடத்தில் இரண்டு தடவை பெயில் ஆகிவிட்டேன். இன்னும் ஒரே வாய்ப்புதான் இருக்கிறது, பிப்ரவரியில். அதிலும் போய்விட்டால் படிப்பில் இருந்தே எடுத்துவிடுவார்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துத்தான் கடன் வாங்கி வந்தேன். விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்த பிளாக்ட் அக்கவுண்டில் இருந்து மாதம் 992 யூரோ வந்துகொண்டிருந்தது, முதல் வருஷத்தோடு அது தீர்ந்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. வீட்டில் இது எதுவும் தெரியாது.

போன மாதம் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று மூச்சு முட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், உதட்டைச் சுற்றி ஊசி குத்தியது. ஹார்ட் அட்டாக், செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். சென்ட்ரல் ஸ்டாப்பில் இறங்கி குளிரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு டிராமில் ஏறுவதே இல்லை, எங்கே போனாலும் நடைதான். கீழே தபால் பெட்டியையும் திறப்பதில்லை. உள்ளே கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, அதைக் கடந்து போகும்போதே வயிறு கலங்குகிறது.

டாக்டரிடம் போ என்று ரூம்மேட் சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. மனநலப் பிரச்சினை என்று எங்காவது பதிவாகி, யுனிவர்சிட்டிக்கோ விசா ஆபிசுக்கோ தெரிந்தால் என்ன ஆகும்? பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எல்பே கரை:

தம்பி, விசா பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ டாக்டரிடம் போனது அவர்களுக்குத் தெரிய வராது. டாக்டரோ தெரபிஸ்டோ உன்னைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது. இங்கே அது கிரிமினல் சட்டத்திலேயே இருக்கிறது, 203ஆம் பிரிவு. சொன்னால் அவர்கள் மேல் வழக்கு வரும். யுனிவர்சிட்டி கேட்டாலும் கிடையாது, அப்பா கேட்டாலும் கிடையாது. விசாவை நீட்டிக்கும்போது வெளிநாட்டவர் அலுவலகம் பார்ப்பது நீ இன்னும் படிக்கிறாயா, பணம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, படிப்பு நகர்கிறதா என்பதைத்தான். அந்தப் படிப்பை முடிக்க அங்கே எல்லோரும் சராசரியாக எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு மேலே மூன்று செமஸ்டர் வரை போனாலும், பொதுவாக ஒழுங்காகப் படிக்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது செமஸ்டரில் இருக்கும் உனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இது கணக்கில் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் வேலை செய்ய முடியாமல் போனால் பணம் தருகிற தனியார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, கடந்த சில வருஷங்களில் என்ன சிகிச்சை எடுத்தாய் என்று கேட்பார்கள். அரசு உத்தியோகத்தில் சேரும்போதும் கேள்வி வரலாம். அவ்வளவுதான். அதற்காக இப்போது மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

நானும் மாஸ்டர்ஸ் படிக்கத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன், இப்போது டிரெஸ்டனில் வேலை. எனக்கு இது தீசிஸ் எழுதும்போது வந்தது. லைப்ரரிக்குள் கால் வைத்தால் வியர்த்துக் கொட்டும். அதனால் உன் நிலைமை எனக்குப் புரிகிறது. நான் போன வழியைச் சொல்கிறேன்.

மாணவர்களுக்கான விடுதியையும் மென்சா என்கிற கேன்டீனையும் நடத்துகிற ஸ்டுடீரண்டன்வெர்க் இருக்கிறதே, அவர்களிடமே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாணவர்களிடம் காசு வாங்க மாட்டார்கள். பெரும்பாலான ஊர்களில் இங்கிலீஷில் பேசலாம். மெயிலில் "பரீட்சைப் பயம், மூச்சு முட்டுகிறது, இது கடைசி வாய்ப்பு" என்று மூன்று வரி எழுதினால் போதும். வாழ்க்கை வரலாறு எழுத வேண்டாம். அங்கே நடப்பது ஆலோசனைதான், முழு தெரபி இல்லை. ஆனால் ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

தெரபி வேண்டும் என்றால் அதற்கு வேறு பாதை. 116117 என்ற நம்பருக்கோ அதன் இணையதளத்திலோ, தெரபிஸ்டுடன் முதல் சந்திப்பு வேண்டும் என்று கேள். டாக்டர் கடிதம் தேவையில்லை. அந்த முதல் சந்திப்பு சில வாரங்களில் கிடைத்துவிடும். முடிவில் உனக்கு என்ன பிரச்சினை, என்ன சிகிச்சை வேண்டும் என்று எழுதி ஒரு தாள் கொடுப்பார்கள், பிடிவி 11 என்று பேர். அதைப் பத்திரமாக வைத்துக்கொள். தொடர்ச்சியான தெரபிக்கு இடம் கிடைக்கத்தான் மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இன்றே வரிசையில் நிற்க வேண்டும். செலவு முழுக்க இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். பொது இன்சூரன்சுக்கு மாதாமாதம் 150 யூரோவுக்குப் பக்கமாகக் கட்டுகிறோமே, அது காய்ச்சலுக்கு மட்டும் கட்டுகிற பணம் இல்லை.

இப்போது பரீட்சை. உன் விஷயத்தில் உண்மையிலேயே தேதி போட்ட ஆபத்து இது ஒன்றுதான், அதனால் கவனமாகப் படி. உடம்பு சரியில்லை என்று டாக்டர் சான்றிதழோடு பரீட்சைக்கு முன்பே விலகினால் அந்த வாய்ப்பு செலவாகாது. அந்தச் சான்றிதழை இங்கே அட்டெஸ்ட் என்பார்கள். தாமதிக்காமல் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முடியவில்லை என்று தெரிந்தும் போய் உட்கார்ந்து எழுதிவிட்டு, பெயில் ஆன பிறகு "அன்றைக்கு எனக்கு முடியவில்லை" என்று சொன்னால் அநேகமாக ஏற்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். வைராக்கியத்தோடு போய் எழுதிவிடுவார்கள். கடைசி வாய்ப்பில் அந்த வைராக்கியம் வேண்டாம். சில யுனிவர்சிட்டிகளில் சாதாரண லீவ் சீட்டு போதாது, அவர்களுடைய படிவத்தையே டாக்டர் நிரப்பித் தர வேண்டும். உன் படிப்பின் தேர்வு விதிமுறையை இறக்கி, விலகல் பற்றிய பகுதியை இன்று ராத்திரியே படித்துவிடு.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் கூடுதல் நேரமோ, தனி அறையில் எழுதும் வசதியோ கேட்டு விண்ணப்பிக்கலாம். பதற்றத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு தகுந்த காலம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாகத் தபால் பெட்டி. அதை நீ தனியாகத் திறக்காதே. ரூம்மேட்டை உட்கார வை. அவன் பிரிக்கட்டும், நீ பக்கத்தில் இரு. வந்த கடிதங்களில் பாதி வெறும் தகவலாகத்தான் இருக்கும். ரேடியோ கட்டணக் கடிதம் இருந்தால் பயப்படாதே. அது பொது ரேடியோ, டிவிக்காக வீட்டுக்கு ஒன்று கட்டுவது, மாதம் 18.36 யூரோ. கூட இருப்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும். இன்சூரன்ஸ் பாக்கிக் கடிதம் இருந்தால் அதை மட்டும் உடனே கவனி. போன் பண்ணி, தவணையாகக் கட்டுகிறேன் என்று கேட்கலாம்.

நைட் டியூட்டி:

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. உடம்பு சம்பந்தமாக மட்டும் சில விஷயங்கள்.

டிராமில் உங்களுக்கு வந்தது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பேனிக் அட்டாக் மாதிரி இருக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் உதட்டைச் சுற்றிக் குத்துவதும் அதனால்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். அந்த நேரத்தில் ஆழமாக மூச்சை இழுக்காதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். மூச்சை வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூக்கு வழியே மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து அதைவிட இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். அட்டாக் வராத நேரத்தில் பழகி வைத்தால்தான் வரும்போது கைகொடுக்கும்.

இருந்தாலும் "இது மனசுதான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. குடும்ப டாக்டரிடம் போய் ஒரு இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12 பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். உழைக்கும்போது நெஞ்சு வலி வந்தாலோ மயங்கி விழுந்தாலோ யோசிக்காமல் 112க்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

கிடங்கில் ராத்திரி வேலை என்கிறீர்கள். தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கிறீர்களா? காஃபின் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். விடிகாலை குடித்தது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும், அந்தத் தூக்கமின்மை சாயந்திரம் படபடப்பாக வரும். முடிந்தால் பகல் ஷிப்டுக்கு மாறுங்கள். படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். வார இறுதி பகல் ஷிப்டை வைத்தே அதில் ஒரு கணக்குப் போட முடியும்.

கோவை டு கீல்:

நான் ஒன்றே ஒன்று சொல்வேன் ப்ரோ. ஒரு செமஸ்டர் லீவ் போட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். அம்மா கையால் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தால் பாதி சரியாகிவிடும். படிப்பு எங்கேயும் ஓடிப் போகாது.

எல்பே கரை:

போவது தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்காமல் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே தங்கும் அனுமதியே காலாவதியாகிவிடும். உடல்நலக் காரணத்துக்கு செமஸ்டர் லீவ் கிடைக்கும், ஆனால் வெளிநாட்டு மாணவர் அதை எடுப்பதற்கு முன்பு வெளிநாட்டவர் அலுவலகத்தில் பேசிவிட வேண்டும், லீவில் வேலை செய்யலாமா என்பதையும் சேர்த்து. அப்புறம், பயத்தின் உச்சத்தில் டிக்கெட் போட்டால் திரும்பி வரும் நாளும் அதே அளவு பயமாக இருக்கும். கொஞ்சம் தணிந்த பிறகு, தேதி குறித்துக்கொண்டு போய்வருவது வேறு.

டிராம் விஷயத்திலும் இதேதான். நடப்பது நல்லதுதான், ஆனால் பயந்து நடந்தால் பயம் வளரும். எனக்கு தெரபிஸ்ட் கொடுத்த வேலை, கூட்டமில்லாத நேரத்தில் லைப்ரரி வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, படபடப்பு இறங்கும்வரை எழுந்து போகாமல் இருப்பது. முதல் தடவை பொறுக்கவே முடியவில்லை. ஆனால் இறங்கியது. அது தானாக இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேறு வழி இல்லை. நீயும் ஞாயிற்றுக்கிழமை காலை ரூம்மேட்டோடு ஒரே ஒரு ஸ்டாப் போய்ப் பார்.

டோர்ட்முண்ட் வாசுகி:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எண்பதுகளில அகதியா இங்க வந்தனான். அப்ப வீட்டோட கதைக்கிறதெண்டால் மாசக்கணக்கா காத்திருக்கோணும். உங்களுக்கு அப்பா ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். ஆனா அதுவே உங்களுக்குப் பாரமாப் போச்சுது எண்டது எனக்கு நல்லா விளங்குது. என்ர மகளும் வேற ஊரில படிக்கேக்க ஒரு காலம் போன் எடுக்காமல் இருந்தவ. பிள்ளை "லேபில நிக்கிறன்" எண்டு எழுதினால் தாய் தகப்பனுக்குத் தெரியும் தம்பி. என்ன பிரச்சினை எண்டு தெரியாது, ஏதோ பிரச்சினை எண்டு மட்டும் தெரியும். அதுதான் எங்களுக்கு இரவில நித்திரையைக் கெடுக்கிறது.

நான் ஒரு வழி சொல்லுறன். அவர் எடுக்கிற நேரத்துக்குக் காத்திருக்காதேங்கோ. நீங்கள் எடுங்கோ, அதுவும் கடை நேரத்தில. ஊரில பின்னேரம் ஆறரைக்குக் கடையில ஆக்கள் நிப்பினம், உங்களுக்கு அப்ப மத்தியானம் ரெண்டு மணி. வெளிச்சமாவும் இருக்கும். அவராலயும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல கதைக்க ஏலாது. முதல் கிழமை வேற ஒண்டும் சொல்ல வேண்டாம், குரல் மட்டும் கேக்கட்டும். பிறகு ஒரு நாளைக்குச் சொல்லுங்கோ: "ஒரு பாடம் கஷ்டமாக் கிடக்கு, உடம்பும் சரியில்லை, டாக்டரிட்ட காட்டுறன்." அவ்வளவும் உண்மை. கடன் கதையை இன்னொரு நாளைக்குக் கதைக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாளில கொட்டோணும் எண்டு நினைச்சுத்தான் ஒண்டையும் சொல்லாமல் இருக்கிறியள்.

இரவில தனிய இருக்கேக்க மனசு கெட்ட பக்கம் போனால், உயிரை விடுற எண்ணம் வந்தால், காத்திருக்க வேண்டாம். 0800 1110111 எண்ட நம்பர் இருபத்திநாலு மணித்தியாலமும் இருக்குது, இலவசம். அவை ஜெர்மன் கதைப்பினம். தமிழிலதான் கதைக்கோணும் எண்டால் சென்னையில ஸ்நேகா எண்ட தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்குது, 1986இல தொடங்கினது, இங்க இருந்து 0091 44 24640050. ஆபத்து எண்டால் 112. இதை எழுதினதுக்குக் குறை நினைக்காதேங்கோ, எல்லாப் பிள்ளையளிட்டயும் நான் இதைச் சொல்லுறனான்.

அருப்புக்கோட்டை பையன்:

எல்லோருக்கும் நன்றி. வாசுகி அம்மா, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்த எண்ணம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. நம்பர்களைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தபால் பெட்டியை ரூம்மேட் திறந்தான். விளம்பரத் தாள்கள், பேங்கின் புது விதிமுறை, ரேடியோ கட்டணம், இன்சூரன்ஸில் இருந்து பாக்கி ஞாபகக் கடிதம். ரேடியோ கட்டணத்தை அவனே ஏற்கெனவே கட்டுகிறானாம், எண்ணை அனுப்பிவிட்டோம். இன்சூரன்ஸுக்கும் அவனே போன் பண்ணிக் கொடுத்தான், இரண்டு தவணையாகக் கட்டச் சம்மதித்தார்கள். இதற்காகவா இத்தனை நாள் மாடிப்படியில் தலையைத் திருப்பிக்கொண்டு ஏறினேன் என்று அழுகை வந்துவிட்டது.

குடும்ப டாக்டரிடமும் போனேன். இசிஜி, தைராய்டு இரண்டும் நார்மல். இரும்புச் சத்து குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார். டிராமில் நடந்ததைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. பரீட்சை நேரத்தில் இப்படி மாணவர்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். ஸ்டுடீரண்டன்வெர்க்கில் அடுத்த வாரம் ஆலோசனைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். 116117இல் பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு சந்திப்பு கிடைத்திருக்கிறது. எனர்ஜி டிரிங்கை நிறுத்தியதில் இரண்டு நாள் தலைவலி, இப்போது பரவாயில்லை.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நானே எடுத்தேன். ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன், ஒரு வாரம் காத்திருக்க முடியவில்லை. அவர் "அந்தப் பாடத்துக்குப் பேர் என்ன" என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார், இன்னொரு தடவையும் சொன்னேன். யாரோ அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டார்கள், "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிட்டார். ராத்திரி அவர் எடுத்தபோது நெஞ்சு அடித்தது, ஆனால் எடுத்துப் பேசினேன். கடனைப் பற்றி இன்னும் பேசவில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். தேர்வு விதிமுறையைப் படித்தேன், ஜெர்மனில் இருப்பதால் முழுக்கப் புரியவில்லை. பரீட்சைக்கு நான் இன்னும் பதிவு செய்யவே இல்லை. பதிவு செய்யாமல் விட்டால் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும்தானே? அப்படி என்றால் அட்டெஸ்ட் எதற்கு?

எல்பே கரை:

அப்படி நினைத்து விட்டுவிடாதே. மறுதேர்வுக்குத் தானாகவே பதிவாகிவிடும் இடங்கள் உண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே எழுதாமல் இருந்தால் அதுவே பெயில். உன் விதிமுறையில் மறுதேர்வு என்ற பகுதியில் காலக்கெடு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பத்தியை அப்படியே இங்கே ஒட்டு, நான் தமிழில் சொல்கிறேன். நான் சொல்வதோடு நிற்காமல் தேர்வு அலுவலகத்துக்கும் மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பு, அதற்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.